தாட்சர்: வீடு கிடைத்தவர்களும் வேலை போனவர்களும்

2022 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் கிரந்தம் என்ற சிற்றூரில் முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் வெண்கலச் சிலையைப் பீடத்தில் ஏற்றினார்கள். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்க வேண்டிய சிலை. அங்கே அனுமதி மறுக்கப்பட்டதால் சொந்த ஊருக்கு வந்தது. யாராவது சேதப்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பீடத்தையே பத்தடி உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். அப்படியும் சிலை ஏறிய இரண்டு மணி நேரத்துக்குள் முட்டை வந்து விழுந்தது.

பிரதமர் பதவியை விட்டு 31 ஆண்டுகள், உயிரை விட்டு 9 ஆண்டுகள் ஆன ஒருவர் மீது இவ்வளவு கோபமா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். 2013 ஏப்ரலில் அவர் இறந்தபோதும் இதேதான் நடந்தது. லண்டன் புனித பால் பேராலயத்தில் அரசியும் உலகத் தலைவர்களும் கூடி இறுதி மரியாதை செலுத்தினார்கள். அதே நாளில் தெற்கு யார்க்‌ஷயரின் கோல்ட்தோர்ப் கிராமத்தில், மூடப்பட்ட சுரங்கத்தின் முன்னாள் தொழிலாளர்கள் அவருடைய கொடும்பாவியைச் சவப்பெட்டியில் வைத்து எரித்தார்கள். அவர் இறந்த வாரம் எடுத்த ஐசிஎம் கருத்துக்கணிப்பில், அவரால் நாட்டுக்கு நன்மை என்றவர்கள் 50 சதவீதம், தீமை என்றவர்கள் 34 சதவீதம்.

இந்தப் பிளவைக் கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும். எந்த ஊரில், எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

1979 மே மாதம் அவர் ஆட்சிக்கு வந்தபோது பிரிட்டன் நொந்துபோயிருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வேலைநிறுத்தத்துக்கு மேல் வேலைநிறுத்தம். குப்பை அள்ள ஆளில்லை. லிவர்பூலில் பிணம் புதைக்கவும் ஆளில்லை. 1980ல் பணவீக்கம் 22 சதவீதத்தைத் தொட்டது. அதை அடக்க வட்டியை ஏற்றினார், செலவை வெட்டினார். 1983ல் பணவீக்கம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வேலையில்லாதோர் எண்ணிக்கையோ 30 லட்சத்தைத் தாண்டியது. அவர் காப்பாற்றினார் என்பவரும் கெடுத்தார் என்பவரும் காட்டுவது இந்த ஒரே காலத்தைத்தான்.

அவரை வாழ்த்துபவர்கள் முதலில் சொல்வது வீட்டை. உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளை, அவற்றில் குடியிருப்பவர்களே வாங்கிக்கொள்ள 1980ல் சட்டம் வந்தது. எத்தனை ஆண்டு குடியிருந்தார்கள் என்பதைப் பொறுத்து விலையில் 33 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி. அவர் ஆட்சிக் காலத்திலேயே பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் கைமாறின. வரிசையாக ஒரே நிறத்தில் இருந்த கதவுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் புது வண்ணத்தில் பளிச்சென்று தெரிந்தால், அந்த வீடு சொந்தமாகிவிட்டது என்று தெரு முழுக்கத் தெரியும். தலைமுறை தலைமுறையாக வாடகை கட்டிய தொழிலாளிக்கு அது சாதாரண விஷயமல்ல. ஆனால் விற்ற பணத்தில் புதிய வீடு கட்ட உள்ளாட்சிகளுக்குக் கடும் கட்டுப்பாடு. விற்ற அளவுக்குக் கட்டவில்லை. அன்று வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் இன்று தனியாருக்கு வாடகை கொடுத்தே களைத்துப்போகிறார்கள். ஸ்காட்லாந்து 2016லும் வேல்ஸ் 2019லும் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டன.

சுரங்க ஊர்களின் கதை வேறு. சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு வருஷம் ஓடியது. பெண்கள் பொதுச் சமையல் போட்டு ஊருக்கே சோறு போட்டார்கள். வேலைக்குப் போனவனும் போகாதவனும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாக இருந்த இடங்களில் உறவு இன்றுவரை ஒட்டவில்லை. கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். தெற்கு வேல்ஸின் மேர்டி ஊர்க்காரர்கள் பேண்டு வாத்தியம் முழங்க, சங்கக் கொடியோடு ஊர்வலமாகச் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். 1990 டிசம்பரில் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது.

மூடப்போவது 20 சுரங்கங்கள் மட்டுமே என்று அப்போது சொல்லப்பட்டது. 2014ல் வெளியான அரசு ஆவணங்களைப் பார்த்தால், மூன்று ஆண்டுகளில் 75 சுரங்கங்களை மூடும் திட்டம் முன்பே தாட்சரிடம் இருந்திருக்கிறது. நட்டத்தில் ஓடும் சுரங்கத்தை எத்தனை நாள் தாங்குவது என்ற அவருடைய ஆதரவாளர்களின் கேள்வி நியாயமானதுதான். தொழிற்கட்சிப் பிரதமர் ஹரால்டு வில்சன் காலத்தில் மூடிய சுரங்கங்களும் குறைவல்ல. ஆனால் 1960களில் ஓரிடத்தில் வேலை போனால் வேறிடத்தில் கிடைத்தது. 1980களில் அது இல்லை. மூடியதைவிட, மூடிய பிறகு அந்த ஊர்களைத் திரும்பிப் பார்க்காததுதான் மன்னிக்க முடியாத தவறு.

கடல் கடந்தால் மதிப்பீடு தலைகீழாகும். 1982ல் அர்ஜென்டினாவிடமிருந்து மீட்கப்பட்ட ஃபாக்லாந்து தீவுகளில் ஜனவரி 10 தாட்சர் தினம். அர்ஜென்டினாவிலோ, பிரிட்டன் அறிவித்திருந்த போர் எல்லைக்கு வெளியே மூழ்கடிக்கப்பட்ட பெல்கிரானோ கப்பலில் இறந்த 323 பேரை இன்னும் மறக்கவில்லை.

ஈழத்தமிழர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 1985ல் இலங்கைக்குப் போன தாட்சர், பிரிட்டிஷ் உதவியில் கட்டிய விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார். அதே ஆண்டில்தான், தமிழர்களுக்கு எதிரான 1983 வன்முறைக்குப் பின் தஞ்சம் தேடி வந்தவர்களைத் தடுக்க, இலங்கையர்களுக்கு பிரிட்டன் விசாவைக் கட்டாயமாக்கியது. 1987 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் சிலர், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு போராடினார்கள். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் ஒரு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம் என்று விமான நிறுவனங்களுக்கு அந்த ஆண்டே சட்டம் வந்தது. ஹார்விச் துறைமுகத்தில் நின்ற எர்ல் வில்லியம் என்ற படகுக் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி, அதில் தமிழர்களை அடைத்துவைத்தார்கள். அக்டோபர் புயலில் அது கட்டறுந்து போன பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள். லண்டன் தமிழர்களின் மூத்த தலைமுறையிடம் தாட்சர் பேச்சை எடுத்தால், அணைக்கு முன்னால் இந்தக் கப்பல்தான் வரும்.

அவரைக் கடைசியில் வீழ்த்தியது எதிர்க்கட்சியல்ல. வசதி பார்க்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி முதலில் ஸ்காட்லாந்தைக் கொதிக்கவைத்தது. 1990 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரும் கலவரம். அந்த நவம்பரில் சொந்தக் கட்சியே அவரை இறக்கியது. ஆனாலும் அவர் தனியாருக்கு விற்ற தொலைபேசியையும் எரிவாயுவையும் பின்னால் வந்த தொழிற்கட்சி அரசுகள் திரும்ப வாங்கவில்லை. தொழிற்சங்கச் சட்டங்களிலும் பெரும்பகுதியை அப்படியே விட்டுவைத்தன. அவரை வெறுத்தவர்களும் அவர் போட்ட பாதையில்தான் நடந்தார்கள்.

சுரங்க வேலைநிறுத்தத்தின் கணக்கும் இன்னும் முடியவில்லை. 1984 ஜூன் 18 அன்று, ஆர்க்ரீவ் என்ற இடத்தில் இருந்த ஆலையின் வாசலில் சுரங்கத் தொழிலாளர்களும் போலீசாரும் மோதினார்கள். தொழிலாளர்கள் 95 பேர் மீது வழக்குப் போட்டார்கள். போலீஸ் சாட்சியம் நிற்காமல் வழக்கு சரிந்தது. அன்று என்ன நடந்தது என்பதை விசாரிக்க 2025 ஜூலையில்தான் பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டது. அன்று இருபது வயதில் அடிபட்டவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் மிச்சமிருப்பவர்கள் காதால் கேட்கும் காலத்திலேயே அந்த விசாரணை முடிந்து, உண்மை வெளியே வர வேண்டும்.