இரைச்சலுக்கு எல்லை போட்ட காது

புங்குடுதீவு மடத்துவெளியில் இரவில் மத்திய அலையைத் திருப்பித் திருச்சி வானொலியைத் தேடுபவருக்குப் பெரிய எதிரி, தலைக்கு மேலே எரியும் மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ். அதற்குள் இருக்கும் சின்னச் சுற்று மின்னோட்டத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுகிறது. அந்த வெட்டுகளின் மடங்கு அதிர்வெண்கள் மத்திய அலைக்குள் வந்து விழ, வீட்டு வயர்களே அன்ரனாவாகி அவற்றைப் பரப்புகின்றன. திருச்சி ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. குமிழோ கைக்கெட்டும் தூரத்தில்.

1920களில் வானொலி பரவியபோதே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. அன்று குற்றவாளிகள் டிராம் வண்டிகளும், தூரிகைகளில் பொறி பறக்கும் மோட்டார்களும். நாட்டுக்கு நாடு அளவுமுறை வேறுபட்டதால், ஓரிடத்தில் தேறிய கருவி இன்னோரிடத்தில் தேறாது. இதைத் தீர்க்க 1933இல் பாரிசில் கூடிப் பேசி, ‘சிஸ்பர்’ என்ற சர்வதேசக் குழுவை அமைத்தார்கள்.

குழுவின் முன் இருந்த கேள்வி, கருவி எவ்வளவு இரைகிறது என்பதல்ல. கேட்பவரை அது எவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்பதே. எப்போதோ ஒருமுறை கேட்கும் ‘டிக்’ ஒலியைக் காது பொறுத்துக்கொள்ளும். ஓயாத கரகரப்பைப் பொறுக்காது. அதனால் அளவுமானியையும் காதைப் போலவே வடிவமைத்தார்கள். செக்கனுக்கு ஒரு தடவை வரும் துடிப்பு, செக்கனுக்கு 100 தடவை வரும் துடிப்புக்குச் சமமாக மானியில் பதிய வேண்டுமானால், அது சுமார் 13 மடங்கு வலுவாக இருக்க வேண்டும். 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை, மானி ஒரு தடவையில் கேட்கும் பட்டையின் அகலம் 9 கிலோஹேர்ட்ஸ். ஏறத்தாழ ஒரு மத்திய அலை நிலையத்துக்கு உரிய இடம். இன்றைய ஆய்வுகூடங்களிலும் இதே கணக்குத்தான்.

பிறகு வீட்டுக் கணினிகள் வந்து அயலவரின் தொலைக்காட்சியைக் குழப்பின. 1979இல் அமெரிக்கா கணினிகளுக்கு எல்லை விதித்தது. வீட்டுக் கருவியென்றால், 30 முதல் 88 மெகாஹேர்ட்ஸ் வரை, 3 மீற்றர் தூரத்தில், மீற்றருக்கு 100 மைக்ரோவோல்ட். தொழிற்சாலைக் கருவிகளுக்கு எல்லை தளர்வானது. அங்கே பக்கத்தில் வீடுகள் குறைவு. 1985இல் சிஸ்பரும் கணினிக் கருவிகளுக்கெனத் தனித் தரம் வெளியிட்டது.

ஆக, இந்த எல்லைகள் காப்பது அயல்வீட்டுக்காரரை. சான்றிதழ் பெற்ற குமிழும் சொந்த வீட்டு வானொலியைக் குழப்பலாம். அலை மெலிந்து வந்துசேரும் தீவுகளில் குழப்பம் இன்னும் கூடும்.

நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவுக்கு இந்திய நிதியில் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. சூரியத் தகடும் மின்கலமும் தரும் நேர்மின்னோட்டத்தை மாற்றும் இன்வேர்ட்டர்களும் குமிழைப் போல வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. அளவில் மட்டும் பெரியவை. அவற்றுக்கும் சிஸ்பர் தரம் உண்டு. அதைக் கேள்விப்பத்திரத்திலேயே எழுதிக் கேட்பது மலிவு. பொருத்தி முடிந்தபின் வடிகட்டி தேடி அலைவதுதான் செலவு.