கம்பெனிகளின் ஒண்டுக் குடித்தனம்

பெங்களூரில் நெடுங்காலமாக வசித்து வரும் நம் சங்க அன்பர் ஒருவர், 2023-ஆம் ஆண்டில் தம் மகளை முதல் நாள் உத்தியோகத்திற்கு அழைத்துச் சென்றார். பெயர் பெற்ற பெரிய கம்பெனி அது. ஆனால் ஒயிட்பீல்டில் அவர்கள் தேடிச் சென்ற கட்டடத்தின் முகப்பில் வேறொரு பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. உள்ளே லிப்டுக்கு அருகே ஒரு பலகையில் பதினைந்து இருபது கம்பெனிகளின் பெயர்கள். அவற்றுள் ஒன்றாக மகளுடைய கம்பெனியின் பெயரும், மூன்றாம் மாடி என்ற குறிப்புடன். அன்பர் அன்று மாலையே நம்மிடம் வந்து, “சொந்தமாக ஒரு வாசற்படிகூட இல்லாத கம்பெனியை நம்பலாமா, ஐயா?” என்று கேட்டார்.

அவருடைய ஐயம் இயல்பானதே. காரியாலயம் என்றால் சொந்தக் கட்டடமும், வாசலில் பித்தளைப் பலகையும், வாயிற்காப்போனும் இருக்க வேண்டும் என்று பழகிய தலைமுறை நம்முடையது. ஆயினும் ஒண்டுக் குடித்தனம் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லவே! ஒரே வீட்டில் ஆறு குடும்பங்கள். அறை தனித்தனி, கிணறும் முற்றமும் திண்ணையும் பொது. இன்று பெரிய கம்பெனிகள் செய்வதும் அதுவே. கோ-வொர்க்கிங் என்று வழங்கும் பகிர்வுக் காரியாலயங்களில் பணியறைகள் தனி. வரவேற்பு மண்டபமும் கூட்ட அறைகளும் தேநீர்க் கூடமும் பொது.

இம்முறை தோன்றிய வரலாறு சுவையானது. 1989-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் மார்க் டிக்சன் என்ற ஆங்கிலேயர், மேசை நாற்காலிகளுடன் தயாராக உள்ள காரியாலய அறைகளை வாடகைக்கு விடும் ரீஜஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்ற கணினி வல்லுநர், தனித்துத் தொழில் புரிவோர் ஒரே கூடத்தில் அமர்ந்து வேலை செய்யும் ஏற்பாட்டைச் செய்தார். 2010-இல் நியூயார்க்கில் வீவொர்க் தோன்றியது. தொடக்கத்தில் இத்தகைய இடங்களை நாடியவர்களுள் பெரும்பாலோர் கைம்முதல் குறைந்த சிறு தொழிலினர். ஆனால் 2017-இல் ஐ.பி.எம். போன்றதொரு மாபெரும் கம்பெனியே நியூயார்க்கில் வீவொர்க்கின் கட்டடம் ஒன்றை முழுவதுமாகத் தன் ஊழியர்களுக்கென எடுத்துக்கொண்டது. 2021-இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி தன் 95,000 ஊழியர்களும் ரீஜஸின் தாய் நிறுவனத்துக்குரிய இடங்களைப் பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தம் செய்தது.

பணத்திற்குக் குறைவில்லாத கம்பெனிகள் ஏன் இவ்வாறு செய்கின்றன? காரணம் கணக்கில் இருக்கிறது. நம் நகரங்களில் காரியாலயத்திற்கென ஒரு தளத்தை நேராகக் குத்தகைக்கு எடுத்தால், ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்பது ஆண்டுகளுக்கு எழுதப்படும். முதல் மூன்று ஆண்டுகள் விலக முடியாதென்ற நிபந்தனையும் இருக்கும். உரிமையாளர் தருவது பல வேளைகளில் வெறும் தரையும் தூணும்தான். தடுப்புச் சுவர், மின்கம்பி, குளிர்சாதனம், மேசை நாற்காலி யாவும் குத்தகைக்காரர் செலவு. வேலை முடியப் பல மாதங்கள் ஆகும். காலி செய்யும்போது அச்செலவில் பெரும்பகுதி வீணாகும்.

பகிர்வுக் காரியாலயத்தில் கணக்கு சதுர அடியில் அன்று, இருக்கையில் நடக்கிறது. ஓர் இருக்கைக்கு மாதம் இவ்வளவு என்று செலுத்தினால் மின்சாரம், இணையம், துப்புரவு, காவல் எல்லாம் அதில் அடங்கும். புதிய ஊரில் கால் வைக்கும் கம்பெனி ஐம்பது இருக்கைகளுடன் தொடங்கலாம்; வேலை பெருகினால் ஐந்நூறாக்கலாம்; சுருங்கினால் ஒப்பந்தக் கெடு முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர், கொச்சி போன்ற ஊர்களில் சிறு குழு ஒன்றை அமர்த்துவதும் எளிதாகிறது. இரகசியம் பேண வேண்டிய கம்பெனிகள் ஒரு தளத்தையே தனி வாயிலுடனும் தனி இணைய இணைப்புடனும் தமக்கென அமைத்துத் தரச் செய்கின்றன. அதை நடத்தும் பொறுப்பு மட்டும் இடம் தரும் நிறுவனத்தினுடையது.

இவ்வாறு கம்பெனி இறக்கி வைத்த சுமையை யாராவது சுமக்கத்தானே வேண்டும்? முதலில் சுமப்பவர் இடைநிலையாளர். அவர் கட்டட உரிமையாளரிடம் நீண்ட குத்தகைக்கு எடுத்து, குறுகிய கெடுவில் பிறருக்கு விடுகிறார். வாடிக்கையாளர் விலகினாலும் அவர் குத்தகை நிற்காது. இப்படிப்பட்ட பெருங்குத்தகைகளின் பாரத்தால் அமெரிக்க வீவொர்க் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரி, 2024 ஜூனில்தான் மீண்டது. அதன் பெயரைத் தாங்கிய இந்திய நிறுவனம் தனி நிர்வாகத்தில் இருந்ததால் அதில் சிக்கவில்லை. 2025 அக்டோபரில் நம் பங்குச் சந்தையிலும் இடம் பெற்றது.

சுமையில் ஒரு பங்கு நம் வீடுகளுக்கும் வந்து சேர்கிறது என்பதே நாம் சொல்ல விரும்புவது. மேற்சொன்ன அன்பரின் கதையையே பாருங்கள். கம்பெனி நல்ல கம்பெனிதான் என்று தெளிந்தபின், மகளுக்கு அருகில் இருக்கும் பொருட்டு ஒயிட்பீல்டிலேயே வீடு பார்த்தார். பல மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தார். இளைய மகனை அங்கேயே பள்ளியில் சேர்த்தார். ஓராண்டு கழிந்தது. கம்பெனி அந்த இருக்கைகளை விட்டுவிட்டு நகரின் வடகோடியில் ஹெப்பாலுக்கு அருகே வேறு இருக்கைகளை எடுத்துக்கொண்டது. அறிவிப்பு வந்தது ஆறு வாரங்களுக்கு முன்னர்தான். மகள் தினமும் மூன்று மணி நேரத்திற்கு மேல் சாலையில் கழிக்கலானாள். அன்பர் முதலில் அஞ்சியது கம்பெனியைப் பற்றி. அதற்கு ஒன்றும் நேரவில்லை. அல்லல் நேர்ந்தது வீட்டுக்குத்தான்.

ஆகவே நம் குடும்பத்தினர் சில காரியங்களைக் கவனத்தில் வைத்தல் நலம். கட்டடத்தைக் கண்டு கம்பெனியை எடை போட வேண்டாம். பெரிய கட்டடத்தில் ஓர் இருக்கையை மோசக்காரனும் வாடகைக்கு எடுக்கலாம். கம்பெனியின் பெயரையும் பதிவு எண்ணையும் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். நியமனக் கடிதத்தில் பணியிடம் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று படியுங்கள். இப்போதுள்ள இடம் எத்தனை காலத்திற்கு என்று மேலாளரிடம் பணிவாகக் கேட்பதில் குற்றமில்லை. வங்கி முதலான நிரந்தரப் பதிவுகளுக்குக் காரியாலய விலாசத்தைக் கொடாதீர்கள். இடம் மாறும் செய்தி வந்தால், பள்ளி ஆண்டு முடியும்வரை வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காரியாலய வாசலை ஒட்டி வீடு தேடுவதைவிட மெட்ரோ ரயில் பாதையை ஒட்டித் தேடுவது விவேகம். காரியாலயம் இடம் மாறினாலும் தண்டவாளம் மாறாது.

நம் அன்பர் அடுத்த வீட்டை மெட்ரோ நிலையம் ஒன்றுக்கு அருகில்தான் பார்த்திருக்கிறார். மகனுடைய பள்ளி மாறவில்லை. மகளின் கம்பெனி மறுபடியும் இடம் மாறக்கூடும் என்று பேச்சு அடிபடுகிறதாம். “மாறட்டும், ஐயா. இந்த முறை நாங்கள் மாறுவதாக இல்லை” என்றார் அவர்.