பனியன் நகரில் நற்செய்திச் சாட்சி

ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். இவர்களிடையே நற்செய்தியை யார், எந்நிலையில் நின்று அறிவிப்பது?

அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் இதற்கு ஒளி தருகிறது. கிலவுதியுவின் கட்டளையால் ரோமை விட்டு வெளியேறியவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். பவுல் கொரிந்துவில் அவர்களோடு தங்கிக் கூடாரத்தொழில் செய்தார். நற்செய்தியைச் செலவில்லாமல் வழங்குவதே தமக்குப் பலன் என்றும் எழுதினார் (1 கொரி. 9:18).

கிறிஸ்தவ முதலாளி ஷிப்டு நேரத்தில் ஜெபக்கூட்டம் நடத்தினால், தொழிலாளி அங்கு அமர்வது விருப்பத்தாலா, வேலை போய்விடுமென்ற அச்சத்தாலா? மறுக்க இயலாதவரிடம் கூறப்படுவது அழைப்பாகாது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் சமயத்தைப் பரப்பும் உரிமைக்கு முன்பாக மனச்சான்றின் சுதந்திரத்தைக் குறிப்பிடுகிறது.

1984இல் பஞ்சப்படி கோரி இந்நகர்த் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியின் நியாயம் அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை. நேரிய கூலிக்காகவும் வார ஓய்வுக்காகவும் விடுதிப் பெண்களின் நடமாட்ட உரிமைக்காகவும் திருச்சபை பேசுவது சாட்சியின் பகுதியே.

ஆயினும் வாய்ச்சொல்லும் வேண்டும். கூடாரத் தொழிலாளரான அவ்விருவருமே கல்வியில் வல்ல அப்பொல்லோவுக்குத் தேவமார்க்கத்தை விளக்கினர் (அப். 18:26). ஆகவே தையல் இயந்திரத்தின் முன் அமரும் விசுவாசியே அருகில் அமர்பவருக்கு ஏற்ற சாட்சி. அவரை ஆயத்தப்படுத்துவது ஆயர்களாகிய நம் கடமை.