ரீல்ஸ் பார்த்து மலையேறக் கிளம்பலாமா? பாதையைத் தேர்வு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வெள்ளிக்கிழமை மாலை, ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரீல் வந்து விழுகிறது. பச்சைப் புல்வெளி, மேகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை, அதன் நுனியில் கைகளை விரித்தபடி ஒருவர். "மச்சி, இந்த வாரம் போலாமா?" என்று ஒருவர் கேட்க, பத்தே நிமிடத்தில் ஆறு பேர் 'ஓகே' போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாறைக்கு எவ்வளவு உயரம் ஏறணும், அது எந்த மாதத்தில் எடுத்த வீடியோ, அங்கே போக அனுமதி உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பதில் முக்கால்வாசி வேலை இந்த மூன்று கேள்விகள்தான். அழகான காட்சி கிடைப்பதும் இவற்றைப் பொறுத்ததே. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போய், உச்சியில் வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும் மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் ஏராளம்.

கிலோமீட்டரை நம்பலாமா?

"எட்டு கிலோமீட்டர்தானே, பீச்ல தினமும் நடக்கிறோமே" என்பதுதான் புதியவர்கள் அதிகம் சொல்லும் வசனம். சமவெளியில் எட்டு கிலோமீட்டர் என்பது வேறு, மலையில் வேறு.

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது, 8 கி.மீ. நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதுவும் நல்ல உடல்தகுதி உள்ளவர் நிற்காமல் நடந்தால் மட்டும். செல்ஃபி, இளைப்பாறல், டிபன் எதுவும் இதில் சேராது. முதல்முறை போகிறவர்கள் இந்த நேரத்தை ஒன்றரை மடங்காகவாவது வைத்துக்கொள்வது நல்லது. 600 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட 200 மாடிகள் படியேறுவதற்குச் சமம் என்று யோசித்தால் விஷயம் சட்டென்று புரியும்.

ஏற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவதன் விலை சில நேரம் பெரிது. கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024 சீசனில் ஏறிய பக்தர்கள் பலர் மாரடைப்பு, மூச்சுத்திணறல் போன்ற காரணங்களால் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறுவதைத் தவிர்க்கும்படி வனத்துறை அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது: இறக்கத்தில் தொடங்கும் பாதை. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்குப் போகும் பாதை நல்ல உதாரணம். டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, மரவேர்களையும் கற்களையும் பிடித்துக்கொண்டு கீழே கீழே இறங்க வேண்டும். போகும்போது ஜாலியாக இருக்கும், மூச்சே வாங்காது. வாகனச் சாலை இல்லாமலே பல தலைமுறைகள் வாழ்ந்த ஊர் அது. ஊருக்குள் செருப்பு போடும் வழக்கம் கிடையாது. வெளியூர்க்காரர்களும் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோயில்கள், பின்னால் மலைச்சரிவு என்று பார்க்கப் பார்க்கச் சலிக்காத இடம். ஆனால், வந்த வழியே திரும்புவதென்றால் அந்த ஏற்றம் முழுவதும் மதியத்துக்கு மேல், களைத்த காலோடு காத்திருக்கும். சாதாரண மலையில் முடியலைன்னா பாதியில் திரும்பிவிடலாம். இங்கே 'முடியலை' என்று தெரியவரும் நேரத்தில் நீங்கள் பள்ளத்தில் இருப்பீர்கள்.

அந்த வீடியோ எந்த மாதம் எடுத்தது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதிக்கு 'சீசன்' என்று ஒற்றைப் பதில் கிடையாது. காரணம், இங்கே இரண்டு பருவமழைகள் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்கு பார்த்த சரிவுகள்தான் இதை முழுதாக வாங்கும். வால்பாறை, கூடலூர், ஊட்டிக்கு மேற்கே உள்ள அவலாஞ்சி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். அதே நேரத்தில் மலைக்குக் கிழக்கே தேனி, போடி பக்கம் மழை மறைவில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று கிழக்குப் பக்கத்தை நனைக்கும். குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவுச் செய்திகள் வருவதும் பெரும்பாலும் இப்போதுதான்.

ஆக, ஊர் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. மலையின் எந்தப் பக்கம் என்றும் பார்க்கணும். ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், தூரத்து மலைமுகடுகள் வரிசையாகத் தெரியும். ஆனால் புல் அப்போது பழுப்பேறத் தொடங்கியிருக்கும். ரீல்ஸில் பார்த்த அந்தப் பச்சை மழைக்குப் பின்வரும் சில வாரங்களுக்கு மட்டும்தான். அப்போது அட்டைகளும் இருக்கும், பாறையில் வழுக்கலும் இருக்கும். பச்சை வேணுமா, தெளிவான காட்சி வேணுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது ஏமாற்றத்தைக் குறைக்கும்.

நேரமும் முக்கியம். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகிச் சரிவில் மேலேறும். உயரத்தில் குளிர்ந்து மேகமாகும். மதியம் உச்சியை அடைபவர்களுக்கு அதனால்தான் பெரும்பாலும் பனிமூட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. விடியற்காலையில் கிளம்பி 10 மணிக்குள் மேலே இருப்பதுதான் பலன் தரும்.

குரங்கணியில் நடந்தது என்ன?

தேனி மாவட்டம் போடியிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. இங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதைக்குப் பின்னால் சுவாரசியமான வரலாறு உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் மூணாறின் தேயிலை குண்டலை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வே வழியாகக் கீழே கொட்டக்குடிக்கு இறக்கப்பட்டது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையையே அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. காட்சி, வரலாறு, ஓரளவு சவால் எல்லாம் சேர்ந்த பகுதி என்பதால் மலையேற்றக் குழுக்களுக்குக் குரங்கணி எப்போதுமே பிடித்த இடம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னை, ஈரோடு, திருப்பூர் என்று பல ஊர்களிலிருந்து வார இறுதிக்காக வந்தவர்கள். 23 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று வனத்துறை அப்போது சொன்னது.

அந்த மாதத்தில் அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்பதை இங்கே கவனிக்கணும். பிப்ரவரி, மார்ச்சில் மலைப்புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சரிவில் பற்றும் தீ, சமதரையைவிட மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். தழல் மேலே சாய்ந்து, அடுத்திருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுவதுதான் காரணம். தீயைவிட வேகமாக மனிதர்களால் மேடேற முடியாது. கோடை தொடங்கும்போது வனத்துறை பாதைகளை மூடுவது இதனால்தான். "இப்போ போனா கூட்டமே இருக்காது" என்று அந்த மாதங்களில் யாராவது அழைத்தால், கூட்டம் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

அனுமதி எங்கே வாங்குவது?

குரங்கணிக்குப் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் எளிது, மிதமானது, கடினம் என்று தரம் பிரிக்கப்பட்டு, ஆன்லைனில் முன்பதிவு செய்யும் வசதி உள்ளது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். இவர்களில் பலர் அந்தந்த மலைக்கிராமத்து இளைஞர்கள். யானையின் புதிய சாணத்தையும் பழையதையும் பிரித்துச் சொல்ல எந்த ஆப்பாலும் முடியாது, இவர்களால் முடியும். கேரளம், கர்நாடகம் போகிறவர்கள் அந்தந்த மாநில வனத்துறைத் தளங்களில் பதிவு செய்ய வேண்டும். அகஸ்தியர்கூடம் போன்ற சிகரங்களுக்கு ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே அனுமதி. டிக்கெட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும்.

சமூக ஊடகங்களில் 'யாருக்கும் தெரியாத ரகசிய பாதை' என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரே கேள்வி போதும்: "அனுமதிக் கடிதத்தை அனுப்ப முடியுமா?" அனுமதியின்றி காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் உள்ளே இருப்பதே வெளியில் யாருக்கும் தெரியாது என்பது.

முதல் பாதை எது?

உச்சி இருந்தால்தான் ட்ரெக்கிங் என்று இல்லை. கோத்தகிரி அருகே உள்ள லாங்வுட் சோலை, ஊட்டி அருகே உள்ள கெய்ர்ன்ஹில் போன்றவை ஏற்றம் குறைந்த காட்டுப்பாதைகள். லாங்வுட் சோலை 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மலைமுகட்டுப் புல்வெளியில் காட்சி விரியும், ஆனால் ஒதுங்க நிழல் கிடையாது. சோலைக்காட்டில் தூரத்துக் காட்சி குறைவு. பாசி படிந்த மரங்கள், பறவைகளின் குரல், குளிர்ந்த நிழல் நிறைய. குழந்தைகளோடும் பெற்றோரோடும் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

நண்பர்கள் குழு என்றால், பாதையை முடிவு செய்ய வேண்டியது ஜிம்முக்குப் போகும் நண்பரை வைத்து அல்ல. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குபவரை வைத்து. அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். போகும் முன் மூன்று வாரங்கள் லிஃப்ட்டைத் தவிர்த்துப் படியேறுவது அவருக்கு உதவும். இறங்கும்போது முழங்காலுக்கு வரும் சுமையைத் தாங்கவும் அந்தப் பயிற்சி வேண்டும்.

கிளம்பும்போதே திரும்பும் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் ஒரு மணி என்றால் ஒரு மணிதான்; உச்சி இருநூறு அடி தூரத்தில் தெரிந்தாலும் திரும்பணும். ஜனவரியில் மாலை ஆறேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். சோலைக்குள் அதற்கு அரைமணி முன்பே இருட்டும். யானைகள் தண்ணீருக்கு நடமாடத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.