சாரல் பார்த்து ஊர் தேடாதீர்கள்

கலிபோர்னியாவில் இருந்த ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் வந்து குடியேறினார். வேட்டி கட்டி சைக்கிளில் போகும் அவருடைய படத்தைப் பார்த்து, "நாமும் இப்படி ஒரு ஊருக்குப் போய்விட்டால் என்ன?" என்று நினைத்தவர்கள் நிறைய. கொரோனாவுக்குப் பிறகு அந்த நினைப்பு இன்னும் கூடியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோஹோவின் அலுவலகம் அங்கே 2011-லேயே வந்துவிட்டது. வேம்பு ஊரைத் தேடி வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே அவர் வேலை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வசதி இல்லாத நாம் வேறு கணக்குகளைப் பார்த்தாக வேண்டும். நெல்லை, தென்காசிப் பக்கம் வருவதானால் முதல் கணக்கு தண்ணீர்.

பொதிகையில் புறப்பட்டுப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ.தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் வழியாக ஸ்ரீவைகுண்டத்தில் முடிகின்றன. கடைசியில் உள்ளது ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கும் முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, கால்வாய் குளத்தை நிரப்புகிறது, குளத்து மடை வயலுக்குப் பாய்கிறது. ஆகவே ஒரு ஊரைப் பார்க்கப் போனால், ஆறு எவ்வளவு பக்கம் என்று கேட்பதைவிட, "இது எந்தக் கால் பாசனம்? தலைமடையா, கடைமடையா?" என்று கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரும் யோசிக்காமல் பதில் சொல்வார். தலைமடைக்காரருக்குக் காரும் பிசானமும் இரண்டு போகம். கார் பருவத்துக்கு ஜூன் 1-ம் தேதி பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கம். அணையில் நீர் மட்டம் இல்லாத வருஷம் அது தள்ளிப்போகும். அப்போது முதலில் காய்வது கடைமடை. ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் கோடையில் கிணறு வற்றும் ஊர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு.

ஆற்றை விட்டு விலகினால் சீமையே மாறிவிடும். வடக்கே மானூர், சங்கரன்கோவில் பக்கம் மழையையும் குளத்தையும் நம்பிய நிலம். தெற்கே நாங்குநேரி, ராதாபுரம் காற்றாலையும் பனையும் உள்ள வறட்சிக் காடு. அங்கே நிலம் மலிவு என்பது உண்மைதான். கன்னடியன் கால்வாயிலிருந்து அந்தப் பக்கம் வெள்ளநீர் கொண்டுபோகும் இணைப்புத் திட்டம் 2009-ல் தொடங்கியது. "தண்ணி வந்துட்டா இந்த இடம் எங்கேயோ போயிரும் அண்ணாச்சி" என்று தரகர் சொன்னால், தண்ணீர் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். வெள்ள காலத்தில் மட்டும் ஓடும் கால்வாயை நம்பி யாரும் தோப்பு வைக்க முடியாது.

மலையடிவாரத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை. கடையம், பாபநாசம், களக்காடு ஆகிய ஊர்களின் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மலை களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம். காட்டுப்பன்றி வாழையைக் குத்திச் சாய்ப்பது அங்கே அன்றாடச் செய்தி. யானை வந்தால் தென்னை மிஞ்சாது. பாபநாசம் பக்கம் வேம்பையாபுரத்தில் 2024 மே மாதம் சிறுத்தை கூண்டில் சிக்கியது. வார இறுதிக்கு மட்டும் வருபவருக்கு இது சுவாரசியமாக இருக்கலாம். ஆடு வளர்க்க வருபவருக்கு அப்படி இருக்காது.

தண்ணீர் இல்லாததைப் போலவே அது மிஞ்சுவதும் ஆபத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஆறு கரைதாண்டியது ஒருபக்கம் என்றால், குளங்கள் உடைந்தது இன்னொரு பக்கம். எனவே மனை பார்க்கும்போது பக்கத்துக் குளத்தின் மறுகால் எந்த வழியாகப் பாயும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்துப் பழைய வீடுகள் மேட்டில் இருக்கும். புதிய நகர்களுக்கு அந்த மேடு மிச்சமிருக்காது. பழைய வீட்டுச் சுவரில் 1992, 2023 வெள்ளக் கறை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டுவார்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் பார்ப்பது தெரிந்த விஷயம். இங்கே கூடுதலாக இரண்டு உண்டு. ஆற்றங்கரையில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான நிலம் ஏராளம். பல தலைமுறையாக ஒருவர் பயிர் செய்வதாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை வேறு சமூகத்தார் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து விசாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாடுவாழ் இந்தியர் வேளாண் நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மனிதர்கள். இதைச் சொல்லாமல் எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. புதிதாக வருகிறவரிடம் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். பிறகு "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். இரண்டாவது கேள்வி சாதியை அறியத்தான் என்று இந்தப் பக்கத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப் பகையால் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டதும், அதையொட்டி நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டதும் பழைய கதை அல்ல. பிள்ளைகளோடு வருபவர்கள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எந்தப் பிள்ளைகள் யாரோடு சேர்ந்து வெளியே வருகிறார்கள் என்பது நிறையச் சொல்லும். பாரதியாரே 1918-ல் சிறையிலிருந்து வந்து மனைவியின் ஊரான கடையத்தில் குடியிருந்தார். அவர் போக்கு அக்கிரகாரத்துக்கு ஒத்துவரவில்லை. 1920-ல் சென்னைக்கே திரும்பிவிட்டார்.

என்னைக் கேட்டால், முதன்முதலாகக் கிராமத்துக்கு வருபவர்களுக்குச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வரிசைதான் தோது. பேரூரும் வயலும் கலந்த பகுதி. வாய்க்காலும் இருக்கிறது, கடைத்தெருவும் இருக்கிறது. செங்கோட்டை ரயில் பாதை எல்லாவற்றையும் தொட்டுப் போகிறது. நெஞ்சுவலி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர முடியும். அடிவாரத்தின் அழகு கொஞ்சம் குறைவு, நிலத்தின் விலை கொஞ்சம் அதிகம். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த ஊரானாலும் முதல் வருஷம் நிலம் வாங்காதீர்கள். வாடகைக்கோ ஒத்திக்கோ வீடு பிடித்து ஒரு பிசானமும் ஒரு கோடையும் இருந்து பாருங்கள். குற்றால சீசனில் எல்லா ஊரும் பச்சையாகத்தான் இருக்கும். ஊர் பார்க்க சித்திரைக் கடைசியில் மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள். அப்படியே ஐப்பசி அடைமழையில் இன்னொரு தடவையும் வந்துவிடுங்கள்.