மீக்குளிர் அணுக்கள்: போலச்செய்தலும் நுண்ணளவையும்

முன்னுரை

வெப்பநிலை என்பது அணுக்களின் இயக்கத்தைக் காட்டும் அளவையாகும். அறை வெப்பநிலையில் வாயு அணுக்கள் நொடிக்குச் சில நூறு மீட்டர் விரைவில் ஓடுகின்றன. எதிர்வரும் லேசர் ஒளித்துகளை ஏற்கும் ஒவ்வொரு முறையும் அணுவின் விரைவு சிறிது குறைகிறது. பின்னர், விரைவு மிகுந்தவற்றை வெளியேற்ற, எஞ்சியவை மேலும் குளிர்கின்றன. டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் ஒளித்துகள்களுக்கு வகுத்த கணக்கை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கு விரித்து, புதியதொரு செறிவுநிலையை முன்னுரைத்தார். அதனைக் கோர்னெலும் வீமனும் 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், ஒரு கெல்வினில் கோடியில் இரண்டு பங்கிற்கும் குறைந்த வெப்பநிலையில், ருபீடிய அணுக்களைக் கொண்டு உருவாக்கினர். இவ்வணுக்களின் இரு பயன்களை இங்கு விளக்க முற்படுகிறோம்.

போலச்செய்தல்

திண்மப் பொருளில் எலெக்ட்ரான்களின் கூட்டு நடத்தையைக் கணினியால் முழுமையாகக் கணிப்பது அரிது. இருநிலை கொண்ட 300 துகள்களை விவரிக்கத் தேவைப்படும் எண்கள், காணத்தக்க பேரண்டத்து அணுக்களினும் மிகுதி. குவாண்டம் இயற்கையைக் குவாண்டம் பொருளாலேயே போலச்செய்யலாம் என ஃபெய்ன்மன் 1982இல் எழுதினார். லேசர்க் கதிர்களை எதிரெதிரே செலுத்தினால் ஒளியாலான குழிகளின் வரிசை அமையும். படிகத்தில் எலெக்ட்ரான் இருக்கும் இடத்தில் இங்கு அணு இருக்கும். 2002இல் மியூனிக் ஆய்வாளர் ஒளிச்செறிவைக் கூட்டியபோது, எங்கும் பரவியிருந்த அணுக்கள் அந்தந்தக் குழியில் நிலைத்தன. குறைத்தபோது மீண்டும் பரவின.

உலக வழக்கில் 'போலி' பொய்ம்மையைக் குறிப்பதால், மாணவர் இதனைப் பொய்த்தோற்றம் எனக் கருத இடமுண்டு. இலக்கணப் போலியே இங்குப் பொருந்தும். அறம் 'அறன்' என வரும்போது எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை. எலெக்ட்ரானின் இடத்தில் அணு நிற்பினும் சமன்பாடு மாறுவதில்லை. எனினும், அணுவுக்கு மின்னேற்றம் இல்லாமையால், எலெக்ட்ரான்களிடையே நெடுந்தொலை செயற்படும் மின்விசை இங்கு இராது. ஒப்புமையின் இவ்வெல்லையையும் வகுப்பில் உரைத்தல் வேண்டும்.

நுண்ணளவை

1967 முதல் நொடி என்பது சீசிய அணுவின் 9,192,631,770 அதிர்வுகளால் வரையறுக்கப்படுகிறது. ஒளிக்குழிகளில் நிறுத்தப்பட்ட ஸ்ட்ரோன்சிய அணுக்களை அளக்கும் ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 429 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. அதிர்வு பெருகப் பெருக, காலத்தை நுணுகிப் பகுக்க இயலும். புவியீர்ப்பு மிகும் தாழ்விடத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது பொதுச்சார்பியல். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமே கொண்ட அணுத்திரளுக்குள் இவ்வேறுபாட்டைப் போல்டர் ஆய்வாளர் 2022இல் அளந்து காட்டினர்.

முடிவுரை

ஓடும் அணுவை நிறுத்தி நோக்கும் வாய்ப்பே இவ்விரு பயன்களுக்கும் அடிப்படை. 'மீக்குளிர்' என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது குளிர்ச்சியைவிட அசைவின்மையை முதலில் விளக்குவதே தக்கது என்பது நம் துணிபு.