பிரயாண இரைச்சலும் செவியின் க்ஷேமமும்

நுகேகொடையில் வசிக்கும் ஒருவர் காலை வேளையில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஹைலெவல் வீதி வழியாகக் கிருலப்பனையைக் கடந்து புறக்கோட்டையை அடைவதற்குள், வாகனங்களின் ஹார்ன் ஓசை, படியில் நின்று ஊர்ப்பெயர்களைக் கூவும் நடத்துநரின் குரல், முதுமையடைந்த டீசல் எஞ்சினின் உறுமல், சாரதியின் தலைக்கு மேலிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து இறங்கும் பாட்டு என்று பலவிதச் சப்தங்களை ஒருசேர ஏற்கவேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கோட்டைக்குப் போகிறவருக்கும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துப் பாரவூர்திகளுக்கு நடுவே முச்சக்கர வண்டியில் போகிறவருக்கும் நிலைமை இதுவே. இந்த ஆரவாரத்திலிருந்து விலகிச் சிறிது நேரமேனும் விரும்பிய கானத்தையோ செய்தியையோ பாடத்தையோ கேட்கலாமென்ற ஆசையினாலேயே கம்பியில்லாத இயர்பட்ஸும் ஹெட்போனும் இளைஞர் முதல் முதியோர் வரை எல்லார் கையிலும் இடம்பெற்றுவிட்டன.

அந்த ஆசை நியாயமானது. எனினும் அச்சாதனத்தை வாங்கும்போது எவ்வளவு பலமாக ஒலிக்கும், எவ்வளவு கனமாக அதிரும் என்று விசாரிக்கிறவர்கள் அநேகர். இரைச்சல் மிகுந்த பஸ்ஸில் எவ்வளவு குறைந்த ஒலியில் இதைக் கேட்கமுடியும் என்று விசாரிக்கிறவர்கள் சொற்பம். செவியின் க்ஷேமம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

செவி என்னும் இந்திரியம்

வெளியிலிருந்து வரும் ஒலி ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள காதுக் குழாயினூடாகச் சென்று செவிப்பறையை அதிரச் செய்து, மூன்று நுண்ணிய எலும்புகளின் உதவியால் உட்செவியிலுள்ள நத்தைச்சுருளை அடைகிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் அந்த அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. பறவைகளில் இக்கலங்கள் அழிந்தாலும் மீண்டும் தோன்றுகின்றன. மனிதருக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. பலத்த ஒலியினால் ஒருமுறை அழிந்த கலம் அழிந்ததுதான். மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ அதனை மீட்க இன்றுவரை வழி இல்லை.

இந்த நஷ்டம் வலியில்லாமல் நிகழ்கிறது என்பதே இதிலுள்ள பெரிய அபாயம். செக்கனுக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஸ்வரங்களையே அது பெரும்பாலும் முதலில் தாக்குவதால், ஆரம்பத்தில் ஒருவர் தமக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் 'ச', 'ஸ', 'த' போன்ற மெல்லிய மெய்யொலிகள் மங்கத் தொடங்கியிருக்கும். கல்யாண மண்டபத்திலோ சந்தையிலோ நாலுபேர் பேசும் இடத்தில் குரல் கேட்டும் சொல் விளங்காமற்போகும். குடும்பத்தார் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வரும்போதுதான் குறை வெளிப்படுகிறது. அதற்குள் பல வருஷங்கள் கழிந்துவிடுகின்றன.

80 டெசிபலும் 40 மணி நேரமும்

உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட நியமத்தின்படி, வயதுவந்தவர் ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவில் கேட்பது பாதுகாப்பின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பிள்ளைகளுக்கு அந்த எல்லை 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் சக்தி இருமடங்காவதால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். அதாவது 83 டெசிபலுக்கு 20 மணி நேரம். 86 டெசிபலுக்கு 10 மணி நேரம். 100 டெசிபலை எட்டினால் வாரம் முழுவதற்கும் அரை மணிக்கும் குறைவான அவகாசமே உண்டு. சாதாரணக் கைத்தொலைபேசிகள் பல, ஒலியை உச்சத்தில் வைத்தால் அந்த 100 டெசிபலைத் தாண்டக்கூடியவை.

இக்கணக்கை நமது பிரயாணத்தோடு பொருத்திப் பார்ப்பது அவசியம். நுகேகொடையிலிருந்து புறக்கோட்டைக்கு உள்ள தூரம் சுமார் 10 கிலோமீற்றரேயாயினும், வேலை நேர நெரிசலில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாட்களுக்கு 10 மணி நேரமாகிறது. யன்னல் திறந்த பழைய பஸ்ஸின் இரைச்சல் 80 டெசிபலை நெருங்கும் வேளையில், அதற்கு மேலெழும்பிப் பாட்டுக் கேட்கவேண்டுமென்று ஒலியைக் கூட்டுகிறவர் தம்மையறியாமலே 86ஐ எட்டிவிடுகிறார். வேலைக்குப் போய்வரும் அந்தப் பிரயாணத்திலேயே அவருடைய செவிக்குரிய ஒரு வார அவகாசம் முழுவதும் தீர்ந்துபோகிறது. மாறாக, வெளிச்சப்தத்தில் 20 டெசிபலைத் தடுத்து நிறுத்தும் ஒரு சாதனத்தை அணிந்தவருக்கு அதே பாட்டு 70 டெசிபலுக்கும் குறைவான அளவிலேயே தெளிவாகக் கேட்கும். ஆகவே இரைச்சலைத் தடுப்பது வெறும் சௌகரியம் மாத்திரமன்று. செவியைக் காக்கும் பிரதான உபாயமும் அதுவே.

சப்தத்தைச் சப்தத்தால் அடக்கும் வித்தை

இரைச்சலைத் தடுக்க இருவழிகள் உண்டு. காதுக் குழாயை மெதுவான ரப்பர் முனையால் அடைப்பதோ, செவிமடலை மெத்தை வளையத்தால் மூடுவதோ முதல் வழி. இரண்டாவது, வெளியோசையை ஒரு நுண்ணிய ஒலிவாங்கியால் கிரகித்து, அதன் அலைக்கு நேர் எதிரான அலையைக் காதருகே உண்டாக்கி, மேடும் பள்ளமும் கலந்து சமமாகும்படி செய்வது. இந்த யுக்தியை ஜெர்மானியரான பால் லூயெக் வகுத்து 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைப் பிரயாணிகளுக்குப் பயன்படும்படி செய்தவர்களுள் முதன்மையானவர் அமர் கோபால் போஸ். கல்கத்தாவிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய வங்காளத் தேசபக்தர் ஒருவரின் புதல்வரான இவர், எம்.ஐ.டி. சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தபோது, 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குச் செல்லும் விமானத்தில் எஞ்சின் இரைச்சலால் சங்கீதத்தை அனுபவிக்கமுடியாமற் போகவே, அந்தப் பிரயாணத்திலேயே அதற்கான கணிதத்தை எழுதத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்போனை 1989இலும், சாதாரணப் பிரயாணிகளுக்கானதை 2000ஆம் ஆண்டிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த வித்தையின் சக்தியையும் எல்லையையும் அறிந்து வாங்குவது நலம். செக்கனுக்கு 100 முறை அதிரும் எஞ்சின் உறுமலின் அலை 3 மீற்றருக்கும் அதிக நீளமுடையதாகையால் அதற்கு எதிரலையைப் பொருத்துவது சுலபம். 3,000 முறை அதிரும் கூரிய ஓசையின் அலையோ 11 சென்ரிமீற்றர் அளவுதான் என்பதால், சிறிது பிசகினாலும் பொருத்தம் தவறிவிடும். ஆதலால் பஸ், புகையிரதம், விமானம் ஆகியவற்றின் இடைவிடாத முழக்கம் நன்றாக அடங்கும். திடீரென எழும் ஹார்ன் ஓசையும் மனிதக் குரலும் அவ்வளவாக அடங்கா. அவற்றை முதல் வழியாகிய நல்ல அடைப்பே தடுக்கவேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துக்களிலும் எச்சரிக்கை தேவை. 'ஏ.என்.சி.' என்பது கேட்கிறவருடைய காதுக்கு இரைச்சலைக் குறைப்பது. 'ஈ.என்.சி.' என்பதோ நாம் தொலைபேசியில் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு நம்மைச் சுற்றியுள்ள சந்தடியைக் குறைத்துக் கொடுப்பது. அணிந்தவரின் செவிக்கு அதனால் அனுகூலம் இல்லை. மலிவான சாதனங்கள் பலவற்றில் இருப்பது இந்த இரண்டாவது மட்டுமே.

நமது சீதோஷ்ணத்துக்கு ஏற்ற வடிவம்

காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போன் இரைச்சலைத் தடுப்பதில் சிறந்தது. காதுக் குழாய்க்குள் எதுவும் நுழையாதபடியால் குழாயில் புண் உள்ளவருக்கும் ஏற்றது. ஆனால் அதன் எடை சுமார் 250 கிராம். குளிரூட்டியில்லாத பஸ்ஸில், கொழும்பின் ஈரக்காற்றில், மெத்தையின் அடியில் வியர்வை ஊறிவிடும். கண்ணாடி அணிகிறவர்களுக்கு அதன் காம்பு மெத்தையை விலக்கி இடைவெளி உண்டாக்குவதால் தடுப்புக் குறைவதோடு, பொட்டில் அழுத்தி வலியையும் தரலாம்.

ரப்பர் முனையோடு கூடிய இயர்பட்ஸ் ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடையேயாதலால் நாளாந்த பஸ் பிரயாணத்துக்கு மிக உகந்தவை. முனையில்லாமல் காதின் வாயிலில் வெறுமனே தங்கும் வகையும், கன்னத்தெலும்பின் வழியாக ஒலியைச் செலுத்தும் வகையும் அணிவதற்கு இதமானவையாயினும் வெளிச்சப்தத்தைத் தடுப்பதில்லை. அவற்றோடு பஸ்ஸில் ஏறுகிறவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போக நேரிடும். காலையில் உலாவப் போகிறவர்களுக்கே அவை பொருந்தும்.

வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் 400 கிலோமீற்றர் அளவிலான தூரத்தை இரவு முழுவதும் கடக்கவேண்டியவர்கள். அவர்களிற் பலர் பாட்டைக் கேட்டபடியே உறங்கிவிடுகிறார்கள். உறங்கும் காதுக்கும் கணக்கு உண்டு. ஆகவே அரைமணியில் பாட்டுத் தானாக நிற்கும்படி தொலைபேசியில் ஏற்பாடு செய்துவிட்டு, இரைச்சல் தடுப்பை மட்டும் இயங்கவிட்டு உறங்குவது உத்தமம்.

பொருத்தமும் சுத்தமும்

காலை அளந்து செருப்பு வாங்குவதுபோலக் காதுக்குப் பொருத்தம் பார்த்தே இயர்பட்ஸ் வாங்கவேண்டும். பெட்டியினுள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு முனைகள் இருக்கும்; இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. சரியான முனையை மாட்டியவுடன் சுற்றுப்புறச் சந்தடி சட்டென்று தணியும்; தாடையை அசைத்தாலும் நழுவாது; ஒரு மணி நேரம் அணிந்தாலும் நோவு தோன்றாது. பொருந்தாத முனையோடு வாங்கிய விலையுயர்ந்த சாதனத்தைவிடப் பொருந்திய முனையோடு வாங்கிய எளிய சாதனம் செவிக்கு நன்மை செய்யும். வியர்வை மிகுந்த நமது நாட்டில் 'ஐ.பி.எக்ஸ். 4' என்னும் குறியீடேனும் உள்ளதைத் தெரிந்தெடுப்பது விவேகம். எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரை அது தாங்கும் என்பதே அக்குறியீட்டின் பொருள்.

ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து அடைபட்ட காதுக் குழாயில் பூஞ்சை எளிதில் வளரும். குளித்தவுடனோ மழையில் நனைந்தவுடனோ ஈரக்காதில் இயர்பட்ஸை மாட்டலாகாது. முனைகளை அடிக்கடி கழற்றிக் கழுவி நன்றாக உலர்த்தவேண்டும். சிநேகிதருடையதாயினும் பிறருடையதை வாங்கி அணிவது தகாது. நாள்தோறும் அணிவதால் குறும்பி வெளியேற வழியின்றி உள்ளே தள்ளப்பட்டு இறுகுவதும் உண்டு. அதை ஊக்காலோ கொண்டை ஊசியாலோ பஞ்சுக்குச்சியாலோ குடைந்தெடுக்க முயல்வது செவிப்பறைக்கே ஆபத்து.

புளூடூத் கதிர்களால் மூளைக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. இச்சாதனங்களிலிருந்து பெரும்பாலும் வெளிப்படுவது சில மில்லிவாட் சக்தியே. காதோடு ஒட்டிப் பேசும் கைத்தொலைபேசி வெளியிடுவதைவிட அது மிகக் குறைவு. பயப்படவேண்டியது ஒலியின் அளவுக்கே.

காதை மூடலாகாத இடங்கள்

களனிவெளிப் புகையிரதப் பாதை நுகேகொடைக்கூடாகப் பல கடவைகளைக் கடந்து செல்கிறது. கடலோரப் பாதை வெள்ளவத்தை மக்களின் வீட்டு வாசலை ஒட்டியே ஓடுகிறது. தண்டவாளத்தின் மேல் நடப்பது சட்டப்படி குற்றமாயினும் குறுக்குவழியென்று நடக்கிறவர்கள் குறையவில்லை. காதை அடைத்துக்கொண்டு நடந்து, பின்னால் வந்த புகையிரதத்தின் ஊதலைக் கேளாமல் உயிரிழந்த இளைஞர்களைப் பற்றிய செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். கடவையிலும், வீதியைக் கடக்கும்போதும், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ செலுத்தும்போதும் இரு காதுகளும் திறந்திருக்கவேண்டும். வெளியோசையை உள்ளே விடும் வசதி சில சாதனங்களில் உண்டெனினும், அவ்விடங்களில் அதை நம்பாமல் கழற்றிப் பையில் வைப்பதே முறை.

பிள்ளைகளும் வைத்திய ஆலோசனையும்

2020இன் பின்னர் இணையவழி வகுப்புகள் வழக்கமாகிவிட்டதால், பாடசாலை முடிந்த பின்னும் ஹெட்போனோடு மணிக்கணக்காக அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர். வீட்டில் அமைதியான அறையிருப்பின் அவர்கள் ஒலிபெருக்கியிலேயே பாடம் கேட்கட்டும். தொலைபேசியின் ஒலி 60 சதவீதத்தைத் தாண்டாதபடி பெற்றோர் கட்டுப்படுத்திவைப்பதும், மணிக்கொருமுறை காதுக்கு ஓய்வளிக்கச் சொல்வதும் கடமை.

காதில் ஓயாத ரீங்காரம், அடைத்தாற்போன்ற உணர்வு, சொல் விளங்காமை, சீழ் வடிதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரை நாடிக் கேள்திறன் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும் இதற்கான சிகிச்சை நிலையங்கள் உள்ளன. ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் அதை அவசர வியாதியாகவே கருதி அன்றைக்கே போகவேண்டும். சில நாட்கள் தாமதித்தாலும் மீட்கும் வாய்ப்புக் குறைந்துவிடும்.

பொதுவான கடமை

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் சப்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் 2011இல் வாகன ஹார்ன்களுக்கான விதிகளும் நமது நாட்டில் பிறப்பிக்கப்பட்டுள்ளன. தனிமனிதர் தமது காதை அடைத்துக்கொள்வது இரண்டாந்தரப் பரிகாரமே. அதற்கான சாதனத்தை வாங்க இயலாத தொழிலாளியும், காலை முதல் இரவு வரை அந்த பஸ்ஸிலேயே உழைக்கும் சாரதியும் நடத்துநரும் அந்த இரைச்சலில்தான் இருக்கிறார்கள். பஸ்ஸில் பாட்டைச் சிறிது குறைக்கும்படி மரியாதையோடு கேட்பதற்குப் பிரயாணிகள் தயங்கலாகாது. விதிகளை அமுல்படுத்தும்படி அதிகாரிகளைக் கேட்பதற்கும் தயங்கலாகாது. நல்ல சாதனத்தைத் தெரிந்தெடுப்பவர் தமது செவியைக் காக்கிறார். வீதியின் சப்தம் குறையக் குரல் கொடுப்பவர் அனைவரின் செவியையும் காக்கிறார்.